இரண்டாம் வரியில் விழுந்த படை

யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடியிருந்த காலத்தில்தான் எங்கள் பணிப்பாளர் யாழ்ப்பாணத்தின் மேல் ஒரு பச்சைக் குண்டூசி குத்தினார். சுவரில் தொங்கிய வரைபடத்தில்தான். அங்கே ஒரு தொழில்நுட்பக் கொத்தணி, அதாவது கம்பனிகள் ஒன்றாகக் கூடும் இடம், வரப்போகிறதாம். மட்டக்களப்புக்கு நீலம், மாத்தறைக்கு மஞ்சள், கொழும்புக்குப் பெரிதாக ஒரு சிவப்பு. குத்திவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று, தேர் பார்க்க வந்தவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டூசி போவதற்கு யாழ்ப்பாணம் எவ்வளவு சுகமான ஊர்! மனிதர் போவதென்றால் அனுமதிக் கடிதம் எடுத்து, கப்பலுக்குப் பெயர் கொடுத்து, அது எப்போது வரும் என்று தெரியாமல் கிழமைக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எங்கள் கந்தோர் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. மென்பொருள் செய்யும் கம்பனி என்று பெயர்ப்பலகையில் இருந்தது. உண்மையில் அந்த வருடம் நாங்கள் செய்ததெல்லாம் அரசாங்கத் திட்டம் ஒன்றுக்குப் பிரசுரம் அடித்துக் கொடுத்ததுதான். நாட்டைத் தொழில்நுட்ப நாடாக்குவது, ஊருக்கு ஊர் கொத்தணி அமைப்பது, படித்த பிள்ளைகள் வெளிநாடு ஓடாமல் பிடித்து வைப்பது, ஓடினவர்களைத் திரும்பக் கூப்பிடுவது. பணிப்பாளர் தாமே லண்டனிலிருந்து திரும்பி வந்தவர். 'நாட்டுக்காக வந்தனான்' என்று வாரத்துக்கு இரண்டு தரமாவது சொல்லுவார். லண்டனில் அவருக்கு வேலை போனதைப் பற்றி அவர் சொல்லவில்லை, கீழே புடவைக் கடைக்காரர் சொன்னார்.

நான் அங்கே தமிழ் டைப்பிஸ்ட். கொட்டாஞ்சேனைக்காரி. படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. ஒரு கலவரத்துக்குப் பிறகு அப்பா 'இனிப் பள்ளிக்கூடம் போக வேண்டாம்' என்றார். நாடு கொஞ்சம் அடங்கிய பிறகு 'போ' என்று சொல்ல அவருக்கு மறந்துவிட்டது. நானும் நினைவுபடுத்தவில்லை. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் விரல் பழகினேன், பிறகு அதே விரல்களைக் கணனிக்குப் பழக்கினேன்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. காலையில் பஸ் ஏறுவதற்குள் அடையாள அட்டையை மூன்று தரம் தடவிப் பார்ப்பேன். தமிழர் எடுத்தாக வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டின் போட்டோக் கொப்பியைக் கைப்பையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுப் பையில் ஒன்று என்று வைத்திருப்பேன். ஒரு நாள் படிக்கட்டுக்குக் கீழே யாரோ வைத்த பொலித்தீன் பையைக் கண்டு சத்தம் போட்டு, கந்தோரையும் புடவைக் கடையையும் வீதிக்கு இறக்கிவிட்டேன். பொலிஸ் வந்து தடியால் கிண்டிப் பார்த்தது. இடியப்பம், சொதி, ஒரு அவித்த முட்டை. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும், 'இதுவும் இடியப்பமா?' என்று கேட்டுச் சிரிப்பார்கள். இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றிலும் அந்த இடியப்பத்துக்கு ஒரு பங்கு உண்டு.

கந்தோரில் உண்மையாகவே கணனி தெரிந்த ஆள் ஒருத்திதான். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த பெண். வயது இருபத்தாறு, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தாள். ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்ததை இன்னொரு எழுத்துருவில் திறந்தால் எல்லாம் பூச்சி ஊர்ந்தது போல வரும், அந்தத் தொல்லை அப்போது எங்களுக்கு உயிரை எடுத்தது. அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்து ஒரு சின்ன மென்பொருள் எழுதினாள். ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்து மாறிவிடும். பணிப்பாளர் அதை எல்லாக் கூட்டத்திலும் காட்டினார், 'நாங்கள் உருவாக்கினது' என்று. அவளைப் பதினொரு மாதமாகப் பயிலுநர் என்றே வைத்திருந்தார். நியமனக் கடிதம் கேட்டால் 'நெக்ஸ்ட் மன்த்' என்பார்.

அவளுக்கு என்னைச் சீண்டாமல் பொழுது போகாது.

"அக்கா, இந்தக் கொத்தணி எண்டா என்ன? கொத்து ரொட்டிக் கடையள் எல்லாம் ஒரே இடத்தில நிக்கிறதோ?"

"மெல்லமா பேசுங்க தங்கச்சி. அவருக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. வெள்ளவத்தையில ஏற்கனவே நாலு கொத்தணி இருக்கெண்டு குண்டூசி குத்தட்டும்."

அந்தச் சொல்லை நாங்கள் அதுவரை பத்திரிகையில் குண்டுக்கு முன்னால்தான் வாசித்திருந்தோம், கொத்தணிக் குண்டு என்று. யாரோ ஒரு கந்தோரில், மின்விசிறிக்குக் கீழே இருந்து, ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை ஒட்டிக்கொண்டு போனவர், சனத்துக்கு அது எப்படிக் கேட்கும் என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆனால் வினை கொத்தணியில் வரவில்லை. ஆங்கிலப் பிரசுரத்தின் தலைப்பு, தேசியத் தொழில்நுட்பத் துறையில் வேலை செய்ய வாருங்கள் என்ற கருத்தில் இருந்தது. வேலை செய்கிற சனத்தை மொத்தமாகச் சொல்ல ஆங்கிலத்தில் வேர்க்ஃபோர்ஸ் என்று ஒரு சொல் உண்டு. அதற்கு அரசாங்கத் தமிழில் ஊழியப்படை என்று பெயர். ஆக, எனக்கு டைப் பண்ண வந்த தமிழ்த் தலைப்பு: 'தேசியத் தொழில்நுட்ப ஊழியப்படையில் இன்றே இணையுங்கள்.' கீழே: 'வடக்கு கிழக்கு இளைஞர் யுவதிகளுக்கு முன்னுரிமை.'

தாளை எடுத்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்குப் போனேன்.

"சேர், இந்தப் படைங்கிற சொல்லு வேணாமே. வேலைக்கு வாங்கன்னு போடுவமே."

"அது ஒஃபிஷியல் டேர்ம். குளோசரியில இருக்கு."

"இருக்கலாம் சேர். றோட்டில நிக்கிறவங்ககிட்ட அந்தப் புத்தகம் இல்லையே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதுவும் இடியப்பமோ? நீர் டைப் பண்ணும்."

டைப் பண்ணினேன். இனி வருவது என் பிழை, அதை வேறு யார் தலையிலும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சிங்களத் தலைப்பும் ஆங்கிலத் தலைப்பும் பெரிய எழுத்தில் ஒரே வரியில் அடங்கின. தமிழ் அடங்கவில்லை. எழுத்தைச் சின்னதாக்கினேன். பணிப்பாளர் பார்த்துவிட்டுக் குதித்தார். மூன்று மொழிக்கும் சம அளவு எழுத்து இருக்க வேண்டும், தமிழைச் சின்னதாகப் போட்டால் பத்திரிகைக்காரன் எழுதுவான், சமத்துவம் என்பது எழுத்தின் அளவில் தொடங்குகிறது என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். சரி, சமமாக வரட்டும் என்று தலைப்பை இரண்டு வரியாக உடைத்தேன். 'தேசியத் தொழில்நுட்ப ஊழியப்' என்பது மேல் வரி. கீழ் வரி இப்படி வந்தது:

படையில் இன்றே இணையுங்கள்.

நான் அப்போது பார்த்தது ஓரத்தில் இடம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும்தான். ஆயிரம் விஷயத்துக்குப் பயந்த கண் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டது. அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கிய பிறகு அவள்தான் முதலில் வாசித்தாள். வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, ஆர் எழுதினது இது? இவ்வளவு துணிச்சலோ உங்களுக்கு?"

நான் பணிப்பாளரிடம் மறுபடியும் ஓடினேன். அவர் அடுத்த நாள் மாநாட்டுக்குப் பேச்சுத் தயாரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கையால் போ என்று காட்டினார்.

மறுநாள் கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில் அவருடைய மாநாடு. அதே நாள் பின்னேரம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வேலை வழிகாட்டல் கூட்டம். தமிழ்ப் பிரசுரக் கட்டு இரண்டையும் அங்கே கொண்டு போகும் வேலை அவளுக்கு. நான் தடுத்தேன். "பின்ன ஆர் போறது? நீங்கள் போறியளோ?" என்று கேட்டாள். நான் ஒரு கட்டைக் கீழே தூக்கிக் கொடுத்தேன். எங்கள் படிக்கட்டுக்கு முன்னால் நிற்கும் ஆட்டோவில் ஏறிப் போனாள். பகல் பன்னிரண்டு மணி இருக்கும்.

ஒரு மணிக்கு ஆட்டோக்காரர் தனியாகத் திரும்பி வந்தார். தெமட்டகொடைக்காரர், முஸ்லிம், எந்த நாளும் சிரித்த முகம். அன்றைக்கு முகத்தில் சிரிப்பு இல்லை.

"மிஸ், அந்தப் புள்ளைய செக்பொயின்ட்ல எறக்கிட்டாங்க. கட்ட அவுத்துப் பாத்தாங்க. பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்க."

பணிப்பாளரின் கைத்தொலைபேசிக்கு எடுத்தேன், நிறுத்தி வைத்திருந்தார். மறுபடி எடுத்தேன். கந்தோரில் இருந்த மற்ற இரண்டு பேரும் திடீரென்று ரொம்பக் கவனமாக வேலை செய்யத் தொடங்கினார்கள். மூன்று மொழிப் பிரசுரத்திலும் ஒவ்வொன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அதே ஆட்டோவில் ஏறினேன்.

பொலிஸ் நிலையத்தில் அவள் ஒரு மர வாங்கில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், ஒரு பெண் பொலிஸ் தோளில் கையை வைத்து இருத்தினாள். மேசையில் ஒரு சப் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் மலையகத் தமிழ்ப் பையன் போல ஒரு கான்ஸ்டபிள், தமிழ் வாசிக்க அவன்தான். என் முன்னாலேயே மறுபடியும் வாசித்துச் சொல்லச் சொன்னார்கள். அவன் மேல் வரியைச் சின்னக் குரலில் தட்டுத் தடுமாறிக் கடந்தான், இரண்டாவது வரியில் அவனுக்குத் திடம் வந்துவிட்டது. ஹமுதாவுக்கு இன்றைக்கே சேரச் சொல்லுது சேர், என்று சிங்களத்தில் சொன்னான்.

சப் இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார்: "மொன ஹமுதாவடத?"

எந்தப் படைக்கு என்று. நல்ல கேள்விதான். அரசாங்கத்தின் படைக்கு என்றால் வடக்கு கிழக்குக்கு ஏன் முன்னுரிமை? அதை எதிர்த்துச் சண்டை பிடிக்கிற மற்றப் படைக்கு என்றால் கீழே ஏன் அரசாங்க முத்திரை? அந்த மனிதர் முட்டாள் இல்லை, அதுதான் எனக்கு அன்றைக்கு ஆகப் பெரிய பயம்.

எனக்குத் தெரிந்த கடைத்தெருச் சிங்களத்தில் நான் விளக்கத் தொடங்கினேன். ஊழியப்படைக்கு அந்தச் சிங்களத்தில் சொல் இல்லை. பையிலிருந்து சிங்களப் பிரசுரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அதில் ஷ்ரம பலகாய என்று இருந்தது. பலகாய என்பதும் படைதான், துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கும் அந்தச் சொல்தான்.

"சேர், இதிலயும் அதேதான் இருக்கு. பலகாயவுக்கு இன்றைக்கே சேருங்கன்னு."

அவர் வாசித்தார். உதட்டை அசைத்து முழுவதும் வாசித்தார். "மேக ஹரி" என்றார். இது சரியாம். இது வேலைக்குக் கூப்பிடுகிறதாம். யாருக்கும் விளங்குமாம். பிறகு தமிழ்த் தாளை விரலால் தட்டினார். இதுதான் பிரச்சினையாம்.

ஒரே அரசாங்கம், ஒரே அகராதி, ஒரே அச்சகம். சிங்களத்தில் படை என்றால் உத்தியோகம், தமிழில் படை என்றால் படை. இதைக் கொத்தணிக்காரர்களின் கூட்டத்தில் ஒருவரும் குண்டூசி குத்திக் காட்டவில்லை.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். இந்தப் பெண் கம்பனியின் ஊழியர், இது கம்பனியின் வேலை என்று பொறுப்பான ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். ஆறு மணிக்குள். அதற்குப் பிறகு ஆளை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை. மேலிடம் என்றால் என்னவென்று அந்த நாட்களில் கொழும்பில் இருந்த தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கந்தோருக்குத் திரும்பி வந்து கணனிக்கு முன்னால் இருந்தேன். எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வராது. அடுத்தவர் எழுதியதைப் பார்த்து அடிக்கத்தான் வரும். அதனால் பணிப்பாளரின் மாநாட்டுப் பேச்சைத் திறந்தேன். நான் திறக்கக் கூடாத கோப்பு. அதில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு அழகழகான வசனங்கள்! உயர் திறமை வாய்ந்த மென்பொருள் நிபுணர், நாட்டின் எதிர்காலத்துக்கு இன்றியமையாதவர், இழக்க முடியாத சொத்து. ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். நடுவில் அவளுடைய பெயரைப் போட்டேன். பழைய கடிதம் ஒன்றிலிருந்து 'நிரந்தர ஊழியர்' என்ற வசனத்தையும் எடுத்து ஒட்டினேன். கம்பனித் தாளில் பிறின்ட் எடுத்தபோது மூன்றரை.

ஹோட்டல் வாசலில் கைப்பையைக் கொட்டிச் சோதித்தார்கள். மண்டபத்துக்கு வெளியே நின்றேன். உள்ளே பணிப்பாளரின் குரல் கேட்டது, நம் பிள்ளைகள் ஏன் நம்மை விட்டுப் போகிறார்கள் என்று உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கைதட்டினார்கள். தேத்தண்ணி நேரத்தில் கேக் துண்டோடு வெளியே வந்தவரைப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். முதலில் நிறம் மாறியது, பிறகு குரல் தாழ்ந்தது.

"ஆனா அவ எங்கட ஸ்டாஃப் இல்லையே. டிரெய்னிதானே."

"இப்ப ஸ்டாஃப் ஆக்குங்க சேர்."

"அப்பிடிச் செய்யேலாது. நாளைக்கு அவவில ஏதும் இருந்தா? எங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை எண்டு மட்டும் எழுதித் தாறன்."

"அது காணாது சேர். ஊழியர்னு இருக்கணும்."

கடிதத்தை வாங்கிப் பார்த்தார். வாசிக்க வாசிக்கப் புருவம் ஏறியது. "ஆர் எழுதினது இது?"

"நீங்கதான் சேர். இப்ப உள்ளுக்க பேசினதுதான்."

அந்த நேரம் சூட் போட்ட இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் அவரைப் பாராட்டப் பக்கத்தில் வந்து நின்றார்கள். நான் என் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தேன். சத்தமாகத் தமிழில், "சேர், பொலிஸ்ல காத்துக்கிட்டு இருக்காங்க, ஆறு மணிக்குள்ள கையெழுத்து வேணும்" என்றேன். பொலிஸ் என்ற சொல் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே பேனையை எடுத்து, பரிசாரகன் நீட்டிய தட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கேக் எண்ணெய் கடிதத்தின் ஓரத்தில் பட்டது. என்னோடு பொலிசுக்கு வரும்படி கேட்டேன். அடுத்த அமர்வுக்கு அவர்தான் தலைமையாம்.

ஐந்தேமுக்காலுக்கு அவளை விட்டார்கள். சப் இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு மூலப் பிரதியைத் திருப்பித் தந்தார், பிரசுரக் கட்டுகளைத் தரவில்லை. ஆட்டோ பம்பலப்பிட்டியைக் கடந்த பிறகு அவள் கடிதத்தைக் கேட்டு வாங்கி, வீதி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.

"நான் நிரந்தரமோ அக்கா?"

"இண்ணைக்கு மட்டுமாவது."

"இன்றியமையாதவராம்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். கடிதத்தை மட்டும் கசங்காமல் மடியில் வைத்திருந்தாள்.

அடுத்த கிழமை பணிப்பாளர் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார், கோப்பில் வைக்க வேண்டுமாம். பொலிசில் வைத்துக்கொண்டார்கள் என்று அவள் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். நானும் ஓம் என்றேன். நியமனம் அவளுக்கு அதற்குப் பிறகும் வரவில்லை, 'இப்ப அவசரப்பட்டால் பிழையாப் பார்ப்பினம்' என்றார். படை என்ற சொல்லை மாற்றுவதைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தார்கள். 'வேலைக்கு வாருங்கள்' என்று போடலாம் என்றேன். கொச்சையாக இருக்கிறதாம். கடைசியில் தமிழ்ப் பிரசுரத்தையே நிறுத்திவிட்டார்கள். வருட அறிக்கையில், வடக்கு கிழக்கிலிருந்து எதிர்பார்த்த ஆர்வம் வரவில்லை என்று எழுதினார்கள். அதையும் நான்தான் தமிழில் டைப் பண்ணினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு பகல் நேரம், அவளும் நானும் தவிர எல்லோரும் சாப்பிடப் போயிருக்க, தொலைபேசி அடித்தது. ஒரு தூதரகத்திலிருந்து ஒரு பெண்குரல், ஆங்கிலத்தில். அவளுடைய பெயரைச் சொல்லி, விசா விண்ணப்பத்தோடு உங்கள் கம்பனிக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது, இவர் அங்கே நிரந்தர ஊழியரா என்று கேட்டது. பொய்க்கடிதம், திருட்டுக் கோப்பு, என் பெயர், கொட்டாஞ்சேனை விலாசம், எல்லாம் ஒரே மூச்சில் ஓடி வந்தன. மேசைக்கு எதிரே அவள் கணனித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தலையைத் திருப்பவில்லை. திருப்பாமல் இருக்க அவள் பட்ட பாடு கழுத்தில் தெரிந்தது.

"யெஸ் மேடம்" என்றேன். "பேர்மனன்ட். வெரி பேர்மனன்ட்."

அந்தக் குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது. விசாரிக்க மறுபடியும் எடுத்தால் வேறு யாராவது எடுத்துவிடுவார்களே என்று பயந்து, அந்த மாதம் முழுவதும் நான் மதியத்தில் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டேன். பணிப்பாளர் அதைக் கண்டு, கடமை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். அவள் விமானம் ஏறிய அன்றைக்குத்தான் கீழே போய்ச் சாப்பிட்டேன்.